அமர்ந்துள்ளார்

வெள்ளியங்கிரி இரண்டாவது முறை இறந்த பிறகுதான் அவருடைய கோப்பு என் மேஜைக்கு வந்தது. முதல் முறை இறந்ததை எங்கள் கம்பெனி ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. லட்சத்தில் ஒருவர் தவறுதலாகச் சாவது எங்கள் தரக்கட்டுப்பாட்டு வரம்புக்குள் அடங்கும். அதே ஆள் மறுபடியும் செத்தால் மட்டும் யாராவது என்னவென்று பார்க்க வேண்டும். அந்த யாராவது எப்போதும் நான்தான்.

என் பெயர் குணவதி. கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் தாயத்து செய்கிற கம்பெனியில் மின்சோதனைப் பிரிவில் பதினாறு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். தாயத்து என்பது ஜனங்கள் வைத்த பெயர். அரசாணையில் அதற்கு 'இருப்புப் பொத்தான்' என்று பெயர். மேல்கையில் கட்டியிருக்கும் புளியங்கொட்டை அளவு பெட்டி அது. உள்ளே ஒரு சில்லு, ஒரு வட்ட பேட்டரி, நாடி பார்க்க ஒரு சின்ன விளக்கு. மணிக்கு ஒரு தடவை விழித்து நாடி பார்க்கும். நாடி இருந்தால் வானொலி அலையில் ஓர் அழைப்பு விடும். நாடி தடுமாறினால் மணி ஆகும்வரை காத்திருக்காது, அப்போதே அழைக்கும். பக்கத்தில் போகிற வருகிற யாருடைய போனாவது அதைக் கேட்டு இருப்புத் துறைக்கு அனுப்பிவிடும். மூன்று நாள் ஒரு சத்தமும் வரவில்லையென்றால் ஆள் காலி. ரேஷன், ஆஸ்பத்திரி, ஓட்டு எல்லாம் அதோடு நின்றுவிடும்.

அந்த அழைப்பில் என்ன சொல்ல வேண்டும் என்பதில்தான் இந்த மண்ணின் மைந்தர்கள் கைவரிசையைக் காட்டினார்கள். உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் ஓர் எண்ணை மட்டும் அனுப்பியிருப்பார்கள். நம் துறையின் துணை இயக்குநர் இளம்பரிதி, பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டை நினைவில் வைத்து, ஒவ்வொரு குடிமகனும் மணிக்கொருமுறை 'உள்ளேன் ஐயா' என்று தமிழில் சொல்ல வேண்டும் என்று உத்தரவு வாங்கிவிட்டார். எங்கள் சில்லில் ஓர் அழைப்புக்கு முப்பத்தொரு பைட்தான் இடம். தமிழ் எழுத்து ஒன்றுக்கு மூன்று பைட், புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனித்தனியாக மூன்று மூன்று. 'உள்ளேன் ஐயா' என்று எழுதி எண்ணிப் பாருங்கள். நடுவில் விடுகிற இடைவெளியையும் சேர்த்தால் மிகச் சரியாக முப்பத்தொன்று. இருப்பது யார் என்று சொல்ல மிச்சம் இடமே இல்லை. அதனால் பெயர் எண்ணைச் சொல்ல இன்னொரு அழைப்பு. துறைச் செயலாளராக ஓர் அம்மையார் வந்தபோது 'உள்ளேன் அம்மா' என்று மாற்றப் பார்த்தார்கள். ஆறு பைட் இடித்ததால் அவரும் ஐயாவாகவே ஓய்வு பெற்றார்.

பதிவேடு என்றால் பதிலும் வேண்டுமல்லவா? அழைப்பைக் கேட்ட போன் பொத்தானுக்கு 'அமர்க' என்று சொல்லும். அதைக் கேட்டால்தான் பொத்தான் உட்கார்ந்து அடுத்த மணிவரை தூங்கும். இந்த ஏற்பாடு அழகாக இருக்கிறது என்று நானே கைதட்டியிருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளியங்கிரிக்கு ஐம்பத்திரண்டு வயது. உடுமலைப்பேட்டை தாண்டி ஒரு பொட்டல் காட்டில் பதினான்கு காற்றாலைகளுக்குக் காவல். தகரக் கொட்டகை, ஒரு நாற்காலி, ஒரு பட்டன் போன். மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடம், பிள்ளைகள் இல்லை. இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் லாரி வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போகும். பத்து வருடம் வர வேண்டிய பேட்டரி அவர் கையில் நான்கு மாதம்தான் வந்தது. முதல் தடவை பேட்டரி தீர்ந்து மூன்று நாள் ஆனதும் விதிப்படி கிராம நிர்வாக அலுவலர் நேரில் வந்து பார்த்திருக்கிறார். வெள்ளியங்கிரி அவருக்கு மோர் கொடுத்திருக்கிறார். மோரைக் குடித்துவிட்டு 'நேரில் கண்டு உறுதி செய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் மனிதர். எதை உறுதி செய்தார் என்று படிவத்தில் கேள்வி இல்லை.

இரண்டாவது தடவையும் அப்படியே நடந்தது. மூன்றாவதுதான் சிக்கல். ஒருவரை இரண்டு முறை உயிர்ப்பிக்கத்தான் விதியில் இடம் உண்டு. மூன்றாவது இறப்பு நிரந்தரம், கோப்பு மூடப்படும். அவருக்கு மூன்றாவது பேட்டரி போட்டது ஏப்ரலில். கணக்குப்படி அது ஆகஸ்ட் தொடக்கத்தில் தீரும். இதயத்தில் வால்வு மாற்ற அவருக்குக் கோயம்புத்தூர் அரசு மருத்துவமனையில் கிடைத்திருந்த நாளோ ஆகஸ்ட் இருபத்தொன்று. வரவேற்பில் இருக்கிற இயந்திரம் முதலில் பதிவேட்டைப் பார்க்கும், பிறகுதான் நெஞ்சைப் பார்ப்பார்கள். செத்தவருக்கு வால்வு மாட்ட மாட்டார்கள். முன்கூட்டியே புது பேட்டரி கேட்கலாமே என்றால், பேட்டரி தீர்ந்ததற்குச் சான்றாக இறப்புப் பதிவை இணைக்க வேண்டும். பேட்டரியின் எண்ணும் பதிவேட்டில் ஏறியிருப்பதால் நான் திருட்டுத்தனமாக மாற்றவும் வழியில்லை. ஆக, குறையைக் கண்டுபிடித்தால்தான் அவர் பிழைப்பார் என்று ஆகிவிட்டது.

ஜூன் முதல் வாரம் அவரை வரவழைத்து, பொத்தானைக் கழற்றி, நாடிக்குப் பதிலாக மினுக்கும் சோதனை விளக்கு ஒன்றை அதன் முன் வைத்து மீட்டரில் மாட்டினேன். தூங்குகிற சில்லு இரண்டு மைக்ரோஆம்பியருக்கு மேல் குடிக்கக் கூடாது. இது முன்னூறு காட்டியது. ஆகா, பிடித்துவிட்டேன் என்று மூன்று நாள் துள்ளினேன். நான்காம் நாள்தான், நிரல் ஏற்றுவதற்காகச் செருகிய சோதனைக் கம்பியை நான் பிடுங்கவே இல்லை என்று தெரிந்தது. நோயாளியைத் தட்டித் தட்டி எழுப்பி, ஏனப்பா தூங்கவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். கம்பியைப் பிடுங்கினதும் இரண்டுக்கு வந்துவிட்டது. சில்லின் உலோகக் கால்களில் எங்கும் இணைக்காமல் அந்தரத்தில் விட்டது ஏதாவது உண்டா என்று பார்த்தேன். நாடி விளக்கு அணையாமல் எரிகிறதா என்று பார்த்தேன். சில்லையே சூடாக்கிப் பார்த்தேன். இரண்டு, இரண்டு, இரண்டு. 'குறை எதுவும் இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். பத்து நாளில் பேட்டரி இன்னும் ஏழு சதவீதம் இறங்கியிருந்தது.

பிறகு மீட்டரைத் தூக்கிக்கொண்டு நானே காற்றாலைக்குப் போனேன். போனால் அங்கேயும் இரண்டு. மறுவாரம் போனேன், இரண்டு. டாக்டர் வாசலை மிதித்ததும் வலி நின்றுவிடுகிற கதை. வெள்ளியங்கிரி எதற்கும் அலட்டிக்கொள்கிற ஆள் இல்லை. நெஞ்சைத் தடவிக்கொண்டே மோர் கொடுத்தார்.

"நீங்க வந்தா நல்லாத்தான் இருக்குதுங்க அம்மணி. நீங்க அக்கட்டப் போனதும் மறுக்காப் போயிருதுங்க."

நான் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டேன். பதினாறு வருட அனுபவம் உள்ள இன்ஜினியரிடம் காவல்காரர் ஒருவர் குறையைப் பச்சையாக எடுத்துச் சொன்னால் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்கள்?

மூன்றாவது தடவை போகிற வழியில் டீக்கடையில் போனை மறந்து வைத்துவிட்டேன். கொட்டகைக்குப் போய், அவர் கையில் இருந்தபடியே பொத்தானை மீட்டரில் மாட்டினேன். மணி பதினொன்று அடித்தது. முள் எழுந்தது, பிறகு இறங்கவே இல்லை. அரை நிமிடத்துக்கு ஒரு தடவை அழைப்பு, ஒவ்வொரு தடவையும் முன்னைவிட உரக்க. சராசரி எழுபத்தைந்து மைக்ரோஆம்பியர். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் போன் இருந்தால் 'அமர்க' சொல்லும், பொத்தான் உட்காரும். என் ஆய்வகத்திலோ நாற்பது போன். அவருடைய பட்டன் போனுக்கு இந்த அழைப்பு கேட்காது, இங்கே லாரி வந்தால்தான் கேட்கிற போன். இடைப்பட்ட இரண்டு நாளும் இந்தப் புளியங்கொட்டை எழுந்து நின்று 'உள்ளேன் ஐயா, உள்ளேன் ஐயா' என்று பதினான்கு காற்றாலைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. தலைக்கு மேலே ஒரு ஊருக்கே வேண்டிய மின்சாரம் சுற்றுகிறது, கீழே ஒரு மனுசன் பேட்டரி இல்லாமல் சாகிறான்.

ஊருக்குத் திரும்பி, சீக்கிரம் தீர்ந்த பேட்டரிகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். மூவாயிரத்துச் சொச்சம் பேர். உப்பளத்தில் தனியாக இருப்பவர், மலைத்தோட்டத்துக் காவல், பூட்டிய வீட்டுக்குள் படுத்த படுக்கையாக இருப்பவர். நகரத்து அடுக்குமாடியிலும் சிலர் இருந்தார்கள், அது எனக்கு ஆச்சரியம்தான். நாங்கள் பேட்டரிக் குறை என்று நினைத்தது, பக்கத்தில் ஆள் இல்லாத குறை. இந்த மாநிலத்தில் யார் யார் தனியாகக் கிடக்கிறார்கள் என்று பெயரோடு ஒரு பட்டியல் என் கையில் இருந்தது. எனக்கு அன்று அழுகை வந்தது.

அழுதுவிட்டு, தற்காலிகமாக ஒட்டுவேலை ஒன்று செய்தேன். சோதனைப் பிரிவின் பழைய போன் ஒன்றை எடுத்துப் போய் வெள்ளியங்கிரியின் கொட்டகையில் சார்ஜரில் மாட்டி வைத்தேன். அது அவருடைய அழைப்பைக் கேட்டு 'அமர்க' சொல்லும், என் மேஜைத் திரையிலும் ஒரு வரி விழும். சோதனைக்காக நாங்கள் வைத்திருந்த குரலை நிறுத்த மறந்துவிட்டேன் என்பதால், மணிக்கொரு முறை அந்தப் போன் வாய்விட்டே 'அமர்க' என்றது. ஒரு வாரம் கழித்து வெள்ளியங்கிரியிடம் கேட்டபோது குரலை அணைக்க வேண்டாம் என்றார்.

கம்பெனி முதலாளி தாமோதரசாமி விஷயத்தைக் கேட்டதும் துறையோடு கூட்டம் போட்டார். ஆளில்லாத இடங்களில் கேட்கும் பெட்டி ஒன்றை வைக்கலாம் என்று ஆரம்பித்தேன். மூவாயிரம் பேருக்காகவா என்றார்கள். அந்த மூவாயிரம் பேரை வாரம் ஒருமுறை யாராவது போய்ப் பார்க்கலாமே என்றேன். அது சமூகநலத் துறையின் வேலை, அவர்களுடைய அறை அடுத்த கட்டிடத்தில் இருக்கிறது என்றார்கள். குறைந்தபட்சம் அழைப்பைச் சுருக்கலாம், 'ஐயா'வை எடுத்தால் பெயர் எண்ணும் அதே அழைப்பில் அடங்கும், பேட்டரி பாதி மிச்சம் என்றேன். இளம்பரிதி கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, அரசை ஒரு குடிமகன் அழைக்கும்போது ஐயா என்று சொல்வது நம் பண்பாடு. மின்கலத்துக்காகப் பண்பாட்டைச் சுருக்கினார்கள் என்று நாளைக்குச் செய்தி வந்தால் பதில் சொல்லப்போவது நீங்களா?"

அறையில் இருந்த அத்தனை பேரும் பண்பாட்டை எண்ணித் தலையாட்டினார்கள். வடை வந்தது. வடையைப் பிட்டபடி தாமோதரசாமிதான் வழி சொன்னார்.

"ஏங் குணவதி, இது உக்காரணும், அவ்வளவுதான? உக்காருன்னு யாரோ சொல்லோணும்னு ஏன் காத்துட்டு இருக்குது? அதே சொல்லிட்டு அதே உக்காந்துக்கட்டுமே."

அதாவது, பொத்தான் 'உள்ளேன் ஐயா' என்று அழைக்க வேண்டியது, யாரும் பதில் சொல்லாவிட்டால் தனக்குத் தானே 'அமர்க' என்று சொல்லிக்கொண்டு தூங்க வேண்டியது. அப்படிச் செய்தால் துறைக்குச் செய்தி போகாதே, மூன்று நாளில் இறப்பாகிவிடுமே என்றேன். இளம்பரிதிக்கு முகம் மலர்ந்துவிட்டது. மௌனத்துக்கு இனி பொருள் வேறு என்றார். இதுவரை மௌனம் என்றால் மறைவு. இனி மௌனம் என்றால் உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். பதிவேட்டில் 'அமர்ந்துள்ளார்' என்று காட்டினால் போயிற்று. யாராவது உண்மையிலேயே இறந்தால் உறவினர்கள் வந்து எழுதிக் கொடுப்பார்கள். பேட்டரியின் ஆயுளான பத்து ஆண்டுக்கும் அது செல்லும்.

உறவினர் இல்லாதவர்கள்தானே ஐயா அந்தப் பட்டியலே, என்று நான் கேட்டிருக்க வேண்டும். வாயில் வந்தது. ஆனால் நாட்காட்டியில் ஜூலை எட்டு, வெள்ளியங்கிரியின் பேட்டரியில் பதினேழு சதவீதம், கொட்டகையில் வைத்த போனையோ ஸ்டோர் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தது. நிரலின் புதிய பதிப்போடு மூவாயிரம் பேருக்கும் புது பேட்டரியும் தருவதாகச் சொன்னார்கள். மூன்றாவது சாவு அவருக்கு இனி வராது, ஆகஸ்ட் இருபத்தொன்றாம் தேதி உயிரோடு போய்ப் படுப்பார். எனக்கு அது போதுமாக இருந்தது. அந்த ஒரு வரியை நான்தான் எழுதினேன். ஒரே ஒரு வரிதான்.

புது பேட்டரியைப் போட நானே காற்றாலைக்குப் போனேன். போன் கம்பெனிச் சொத்து, வேலை முடிந்தால் ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும் என்று இரண்டு முறை ஓலை வந்திருந்தது. பிடுங்கிப் பைக்குள் போட்டேன். வெள்ளியங்கிரி பார்த்துக்கொண்டே நின்றார்.

"அது வேண்டாமுங்களா அம்மணி இனி?"

"வேண்டாம்ணா. உங்க பொத்தானே இனி பாத்துக்கும். போன் இல்லாமலே உட்காந்துக்கும்."

"செரீங்க. அதுபாட்டுக்கு மணிக்கொருக்கா உக்காருன்னு சொல்லீட்டு இருந்துச்சுங்க. நாலு வார்த்த பேசறதுக்கு இல்லீன்னாலும், ஒரு ஆளு இருக்கற மாதர இருந்துச்சுங்க."

ஸ்டோரில் அந்த போனுக்கு ரசீது கொடுத்தார்கள். அலமாரியில் அது போன்ற போன்கள் இருநூறு கிடந்தன.

புதிய பதிப்பு அமோக வெற்றி. பேட்டரிப் புகார் பூஜ்யம். தவறான இறப்புகள் பூஜ்யம். சரியான இறப்புகளும் அதே பட்டியலில் பூஜ்யமாகிவிட்டதை யாரும் கவனிக்கவில்லை, அல்லது கவனித்துப் பெருமைப்பட்டார்கள். தனித்து வாழ்வோரிடையே இறப்பு விகிதம் அறவே ஒழிந்தது என்று துறை விழா எடுத்தது. தாமோதரசாமிக்குக் கேடயம், எனக்குச் சால்வை. கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் வெயிலில் அலைய வேண்டிய வேலை மிச்சம்.

ஆகஸ்ட் இருபத்தொன்று காலை பத்தரைக்கு மருத்துவமனையிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. வெள்ளியங்கிரி தொடர்புக்கு என் எண்ணைக் கொடுத்திருந்தார். நோயாளி வரவில்லை, பதிவேட்டில் நன்றாகத்தான் இருக்கிறார், இன்னும் அரைமணி பார்த்துவிட்டு அடுத்தவரை எடுத்துவிடுவோம் என்றார் நர்ஸ். அவருடைய பட்டன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. காரை எடுத்துக்கொண்டு போனேன்.

கொட்டகை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை ஒன்று பக்கத்தில் கொடியில் ஆடிக்கொண்டிருந்தது, ஆஸ்பத்திரிக்குப் போட்டுப் போக வைத்திருந்தார் போலிருக்கிறது. கையைத் தொட்டதும் தெரிந்துவிட்டது. போலீஸ்காரரோடு வந்த டாக்டர் இரண்டு நாள் ஆகியிருக்கும் என்றார். தண்ணீர் லாரி முந்தின நாள் வந்திருக்கிறது. டிரைவர் தூரத்திலிருந்து பார்த்தாராம். உட்கார்ந்திருக்கிறாரே என்று கையை ஆட்டிவிட்டுப் போனாராம். என் திரையில் பதிவேட்டைத் திறந்தேன். 'வெள்ளியங்கிரி: அமர்ந்துள்ளார்' என்று பச்சை நிறத்தில் இருந்தது. பொய் என்று சொல்ல முடியாது.

பொத்தானைக் கழற்றி அதன் குறிப்பேட்டைப் படித்தேன். பத்தொன்பதாம் தேதி காலை பத்தேகால் மணிக்கு நாடி தடுமாறியிருக்கிறது. மணி ஆகும்வரை காத்திருக்காமல் பொத்தான் அழைத்திருக்கிறது. 'உள்ளேன் ஐயா.' பதில் இல்லை. 'அமர்க' என்று தானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. நான்கு நிமிடம் கழித்து மறுபடி எழுந்திருக்கிறது. மறுபடி அமர்க. பதினொன்றே முக்கால் வரை பத்தொன்பது முறை எழுந்திருக்கிறது, பத்தொன்பது முறையும் என்னுடைய அந்த ஒரு வரி அதை உட்கார வைத்திருக்கிறது. ஒன்றரை மணி நேரம். அந்தப் பழைய போன் அங்கே இருந்திருந்தால் முதல் அழைப்பே என் மேஜையில் விழுந்திருக்கும். உடுமலையிலிருந்து ஆம்புலன்ஸ் வர முப்பது நிமிடம் போதும்.

இறப்பைப் பதிவு செய்யத் துறைக்குப் போனேன். உறவினரா என்று கேட்டார்கள். இல்லை, உற்பத்தியாளர் என்றேன். இளம்பரிதி தன்மையாகத்தான் பேசினார். இது அவருடைய மூன்றாவது இறப்பு, நிரந்தரமானது, அதனால் சம்பந்தப்பட்டவரே நேரில் வந்து ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும் என்றார். முடியாத பட்சத்தில் பொத்தான் தெரிவிக்கட்டும், பேட்டரி தீரும் வரை காத்திருப்போம் என்றார்.

பொத்தான் இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது. அதைத் தினம் ஒருமுறை மீட்டரில் மாட்டிப் பார்க்கிறேன். இரண்டு மைக்ரோஆம்பியர். குறை எதுவும் இல்லை. இன்னும் ஒன்பது வருடம் பத்து மாதம் வெள்ளியங்கிரி உள்ளார், ஐயா.